சதுரங்கப்பட்டினத்தைத் தூக்கப் போறாங்களாம்!

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், கொளவாய் ஏரிக் காற்று தடையில்லாமல் வந்து மோதுகிற ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து அந்த ஆபீசை நடத்திக்கொண்டிருந்தார்கள். கடற்கரை வட்டாரத் திட்ட அலுவலகம் என்று வாசலில் பலகை. எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் அதற்கு ஒரு ஜீப் வந்தது. ஜீப்போடு டிரைவராக அமானுல்லா வந்தார். ஜீப் வந்ததில் அதிகாரி கோதண்டராமனுக்குப் பெருமை. அமானுல்லா வந்ததில் மற்ற எல்லாருக்கும் கொண்டாட்டம்.

ஏனென்றால், அமானுல்லாவின் வயிற்றில் எந்தச் சேதியும் தங்காது.

அவர் பிறந்தது சதுரங்கப்பட்டினத்தில். வெள்ளைக்காரர்கள் வாய்க்கு அந்தப் பெயர் வராமல் சட்ராஸ் என்று சுருக்கிவைத்தார்கள். ஆபீஸ் காகிதங்களிலும் அதுவே நின்றுவிட்டது. டச்சுக்காரர்கள் கட்டி இடிந்துபோன கோட்டைக்குப் பக்கத்தில் அவருடைய அத்தா நூர்முகமது விறகுத்தொட்டி வைத்திருந்தார். அத்தாவின் சவுக்குக் கட்டைகளை மெட்ராசுக்கு ஏற்றிப்போகிற லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்ட அமானுல்லா, மீசை முளைப்பதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். லாரியில் கட்டை மட்டுமா போனது? திருப்போரூரில் யார் வீட்டில் நிச்சயதார்த்தம், கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா, எந்த ஏரி உடைந்தது, எல்லாம் கூடவே போனது. அவருடைய ஹாரன் கேட்டால் வழியோரக் கடைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பார்கள்.

பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் வாயை மூடவில்லை. மாமனார் வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் பெண் ஷஹர்பானு உள்ளே இருந்தபடியே சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டாள். "எங்க வூட்ல ஒருத்தரும் பேச மாட்டாங்கோ. இவுரு வந்தா ரேடியோவே வேணாம்" என்றாளாம். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அரசாங்க டிரைவர் வேலைக்கு அழைப்பு வந்தபோது, அந்தச் சேதியை அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

இப்படிப்பட்ட மனிதர் வந்து சேர்ந்த ஆபீசோ, ஒருவருக்கொருவர் வாயே திறக்காத ஆபீஸ்.

திருப்போரூரிலிருந்து பாலாற்று முகத்துவாரம் வரைக்கும் கடலோரம் முழுவதற்கும் ஒரு திட்டம் போட வேண்டும் என்பது அரசாங்கத்தின் உத்தரவு. எது வயலாகவே இருக்க வேண்டும், எங்கே குடியிருப்பு வரலாம், எந்த ரோடு அகலமாகும், மாமல்லபுரத்துக் கற்கோயில்களுக்குப் பக்கத்தில் எத்தனை உயரத்துக்குக் கட்டலாம், அத்தனையும் அதில் வர வேண்டும். பெரிய வேலை. ஆனால் அந்த வேலையைச் செய்தவர்களில் பாதிப்பேருக்கு அது என்ன வேலை என்றே தெரியாது. மாடியில் கோதண்டராமன் இங்கிலீஷில் எழுதுவார். கீழே டைப் அடிப்பவர்கள் எழுத்தைப் பார்ப்பார்களே தவிர விஷயத்தைப் பார்க்க மாட்டார்கள். பின்கட்டில் வரைபடம் தீட்டுகிற டிரேசர்கள் ஆளுக்கொரு துண்டாக இழுத்துக்கொண்டிருப்பார்கள். அளவுச் சங்கிலி இழுக்கிற செயின்மேன்கள் எங்கே இழுக்கச் சொன்னாலும் இழுப்பார்கள். எதற்கு என்று கேட்டால் ஹெட் கிளார்க் தர்மராஜ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "உன் மேசைக்கு ஃபைல் வந்துச்சா? வரலை இல்ல? அப்போ அது உனக்கில்லை" என்பார்.

அதனால் எல்லாரும் ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள். அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற அமானுல்லாவின் காதில் என்னென்னவோ விழும். திரும்பி வந்து, ஆபீஸ் எதிரே இருந்த டீக்கடையில் ஜீப்பின் பானெட்டில் சாய்ந்து நின்றாரென்றால் சுற்றிலும் கூட்டம் கூடிவிடும்.

"பாய், இன்னா சேதி?"

"திருப்போரூர் ரோடு அகலமாவுதுப்பா. பெரியவரு காலால அளந்து பாத்துகினு இருந்தாரு."

காதில் விழாததை அவரே கொஞ்சம் சேர்த்துக்கொள்வதும் உண்டு. கையில் டீ, முன்னால் வாய் பிளந்து நிற்கும் முகங்கள். கதையைப் பாதியில் நிறுத்த எந்த மனிதனுக்குத்தான் மனசு வரும்?

அந்த வருஷம் ஆவணி கடைசியில், மாமல்லபுரத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தபோது அது நடந்தது. கோதண்டராமனும் மெட்ராசிலிருந்து வந்திருந்த ஒரு இன்ஜினியரும் ஜீப்பில் இங்கிலீஷில் பேசிக்கொண்டு வந்தார்கள். அமானுல்லாவுக்கு லாரி செட்டு இங்கிலீஷ் தெரியும். பேச்சின் நடுவே கோதண்டராமன் அழுத்தமாகச் சொன்ன வார்த்தைகள் டிரைவர் சீட்டுக்குத் தெளிவாகக் கேட்டன. சட்ராஸ். ஷிப்ட். பிஃபோர் தி ரெயின்ஸ். எவ்ரிபடி.

சட்ராசை ஷிப்ட் பண்ணப் போகிறார்கள். மழைக்கு முன்னால். எல்லாரையும்!

செங்கல்பட்டு வந்ததும் அதிகாரிகளை இறக்கிவிட்டார். ஜீப்பை நிறுத்திய வேகத்தில் டீக்கடைக்கு ஓடினார்.

"எங்க ஊரத் தூக்கப் போறாங்கப்பா!"

"எத்த?" என்று கேட்டார் செயின்மேன் சுப்பிரமணி. டீ கிளாஸ் பாதி வழியில் நின்றுவிட்டது.

"சதுரங்கப்பட்டினத்த! குப்பம், மசூதி, எங்க அத்தா விறகுத்தொட்டி, அல்லாத்தியும்! மழைக்கு முன்னாடி காலி பண்ணணுமாம். பெரியவரே சொல்லிகினு வந்தாரு."

வீட்டுக்குப் போய் ஷஹர்பானுவிடமும் சொன்னார். அவள் கேட்டது ஒரே கேள்விதான். "உங்க காதால கேட்டீங்களா?"

"ரெண்டு காதாலயும் கேட்டேன்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் சதுரங்கப்பட்டினத்துக்குப் போய் மாமனார் மாமியாரிடம் சேதியைச் சேர்த்துவிட்டாள். அன்று உச்சி வேளைக்குள் பள்ளிவாசல் தெருவிலிருந்து மீனவக் குப்பத்தின் கடைசிக் குடிசை வரைக்கும் அது பரவிவிட்டது.

அந்த வாரமே சர்வே வேலைக்காக ஜீப் அங்கே போனது. வண்டியில் கோதண்டராமனும் ஒரு சர்வேயரும் சுப்பிரமணியும். பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி ஊருக்குள் திரும்பினால் ரோட்டின் குறுக்கே கட்டுமரம் கிடக்கிறது. அதற்குப் பின்னால் ஊரே நிற்கிறது. ஆம்பளை, பொம்பளை, கையில் துடுப்போடு கிழவர்கள், துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்ட பள்ளிவாசல் தெருப் பெண்கள். முன்னால் நின்றவர் ஏசுபாதம். குப்பத்துக்குப் பேச வேண்டியதையெல்லாம் அவர்தான் பேசுவார்; அலைச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல்.

"எங்கள எங்க கொண்டு போய்ப் போடப் போறீங்கோ? அத்தச் சொல்லிட்டு அப்பாலிக்கா சங்கிலிய எடுங்கோ!"

கோதண்டராமனுக்கு ஒன்றுமே புரியவில்லை. "யார் சொன்னது? அப்படி எதுவும் கிடையாது" என்றார்.

ஏசுபாதம் சர்வேயர் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு நைனா."

"எனக்குத் தெரியாதுங்க. மேலிடத்துல கேளுங்க" என்றார் சர்வேயர்.

ஏசுபாதம் சுப்பிரமணியைப் பார்த்தார். சுப்பிரமணி பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நாங்களும் அப்பிடித்தான் கேள்விப்பட்டோம்ணா" என்று சொல்லிவிட்டார்.

கூட்டத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. ஏசுபாதம் கையைத் தூக்கி அதை அடக்கினார். "ஒரே வண்டில வந்துகீறீங்கோ. மூணு பேரு மூணு பதிலு. இதுல நான் எத்த நம்பறது?"

"முதலில் இதைச் சொன்னது யார்? அவரைக் காட்டுங்கள்!" கோதண்டராமனும் கத்தினார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு நூர்முகமது முன்னால் வந்தார். "சொன்னது யாரா? தோ, வண்டில குந்திகினு கீறானே, எம் மவன். கெவர்மெண்டு டிரைவரு. அவன் சொன்னா அது கெவர்மெண்டு சொன்ன மாதிரிதானே?"

எல்லாத் தலையும் ஜீப் பக்கம் திரும்பியது. அமானுல்லா ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்தார்.

சங்கிலியை எடுக்காமலே வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று. திருக்கழுக்குன்றத்து மலையடிவாரத்தில் கோதண்டராமன் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

"என்ன கேட்டாய் நீ?"

அமானுல்லா கேட்டதைச் சொன்னார். ஒரு வார்த்தையும் மறைக்கவில்லை.

கோதண்டராமன் நெற்றியில் அறைந்துகொண்டார். "கூடாரத்தைச் சொன்னேன்யா! சட்ராசில் நம் சர்வே ஆட்கள் கூடாரம் போட்டிருக்கிறார்களே, மழைக்கு முன்னால் அவர்களை எல்லாம் திருப்போரூருக்கு மாற்றச் சொன்னேன். கூடாரத்தை!"

அமானுல்லா அவரையே பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப ஊரு போவலையா சார்?"

"எந்த ஊரும் போகவில்லை."

"மெய்யாலுமா சார்?"

பயப்பட வேண்டிய நேரம் அது. வேலை போகப்போகிற நேரம். ஆனால் அமானுல்லா ஜீப்பிலிருந்து கீழே குதித்து, சுப்பிரமணியைக் கட்டிப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "ஊரு போவலப்பா! எங்க ஊரு போவல!" கண்ணில் தண்ணீர் கொட்டியது. கோதண்டராமனுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"ஆபீஸ் விஷயத்தை ஊரெல்லாம் சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்றார் கடைசியில்.

அமானுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தப்புதான் சார். இன்னா வேணா செய்ங்கோ. ஆனா ஒண்ணு சார், நீங்க யாருக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்கோ. அத்தினி பேருக்கும் தெரிஞ்சிக்கணும்னு கீது. என்னாண்ட வந்து கேக்கறாங்கோ. நீங்க சொல்லிட்டா, நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்?"

மறுநாள் தர்மராஜ் மெமோவை டைப் அடிக்கவே சொல்லிவிட்டார். தற்காலிகப் பணிநீக்கம் என்று அதில் இருந்தது. கையெழுத்துக்கு மாடிக்குப் போனால், கோதண்டராமன் நாற்காலியில் இல்லை. அவர் கீழே, பின்கட்டில், மேசை மேசையாகப் போய் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நாம் போடுகிற திட்டம் என்ன? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்."

ஒருவர் அணுமின் நிலையத்துக்காரர்களுக்கு வீடு கட்டுவதற்கு என்றார். ஒருவர் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓட்டல் கட்ட என்றார். டைப்பிஸ்ட் ஒருவர் புதுத் துறைமுகம் வரப்போவதாக அடித்துச் சொன்னார். அதை யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்தார்.

கடைசி மேசையில் ரெபேக்காள் இருந்தாள். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் அவளுடையது. தொழிற்பயிற்சி நிலையத்தில் படம் வரையக் கற்று, அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக மாதச் சம்பளத்துக்கு வந்தவள். யாரிடமும் அதிகம் பேசாதவள். அவள் எழுந்து நின்று சொன்னாள்: "எனக்குத் தெரியாதுங்க சார். நான் ஏழாம் நம்பர் ஷீட்டுதான் போடறேன். அடுத்தாப்புல எட்டாம் நம்பர்ல இன்னா கீதுன்னு நான் பாத்ததே இல்ல."

"பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லையா?"

அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. "தெனமும் தோணுது சார்! எல்லா ஷீட்டயும் ஒண்ணா ஒட்டி ஒரு தபா பாத்துட்டா போதும்னு கீது."

கோதண்டராமன் அந்த ஆபீசில் வந்து உட்கார்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவரும் எல்லாத் தாள்களையும் ஒன்றாகப் பார்த்ததில்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்தச் சனிக்கிழமை பஜார் தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்தார்கள். வாட்ச்மேன் உட்பட ஆபீசில் ஒருவர் பாக்கியில்லாமல் வரச் சொல்லிவிட்டார் கோதண்டராமன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார்கள். ரெபேக்காளும் மற்ற டிரேசர்களும் தரையில் மண்டியிட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். திருப்போரூர் முளைத்தது. அதற்குக் கீழே உப்பளங்கள். பிறகு மாமல்லபுரம், சவுக்குத் தோப்புகள், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம். கடைசித் தாளில் பாலாறு கடலில் கலந்தது. தாலி கட்டுகிற மேடையிலிருந்து சமையல்கட்டு வாசல் வரைக்கும் கடற்கரை நீண்டு கிடந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"தோ, எங்க மாமியார் வூடு!"

"இந்த ஏரியச் சுத்தி நாங்கதான்யா சங்கிலி இழுத்தோம். ரெண்டு பேருக்கு முள்ளு குத்திச்சே, அந்த எடம்!"

"பச்சை அடிச்சா இன்னா சார் அர்த்தம்? வயலு வயலாவே இருக்கணுமா? அப்ப யாரும் பிளாட்டு போட முடியாதா?"

ஏழாம் தாளும் எட்டாம் தாளும் சேர்கிற இடத்தில் ஒரு ரோடு விரல் அகலத்துக்கு விலகி நின்றது. முதலில் பார்த்தது யார் என்று தெரியவில்லை; எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். ரெபேக்காளும் எட்டாம் தாள் போட்டவரும் தலையில் அடித்துக்கொண்டு, அங்கேயே பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

தர்மராஜ் ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் திருப்போரூரில் மகளுக்கென்று ஒரு மனை வாங்கிப்போட்டிருந்தார். பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தாளோடு ஒட்டிவைத்துத் தேடினார். "சார், சார்! முருகன் கோயில் குளத்துக்குக் கிழக்கே, இந்த மஞ்சள்... மஞ்சள் என்றால் வீடு கட்டலாம்தானே சார்?" என்று கோதண்டராமனின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார். அவர் எத்தனையோ உத்தரவுகளுக்கு நகல் எடுத்திருக்கிறார். ஒன்றைப் பற்றியாவது ஒரு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

அமானுல்லா சதுரங்கப்பட்டினத்துக்கு மேலே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கோட்டை, மசூதி, குப்பம். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. கடலோரமாக ஒரு பட்டை வெறுமையாக விடப்பட்டிருந்தது.

"இங்க இன்னா சார் வரப்போவுது?"

"ஒன்றும் வராது. வலை காயப்போடுகிற மணல் அது. அங்கே யாரும் கட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறோம்."

"இத்த ஏன் சார் அவுங்களாண்ட சொல்லல?" என்று கேட்டார் அமானுல்லா. அவர் குற்றம் சாட்டவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

மெமோ கையெழுத்தாகவில்லை. திங்கட்கிழமை காலை கோதண்டராமன் எல்லாரையும் ஆபீஸ் வாசலில் இருந்த வேப்ப மரத்தடியில் கூட்டினார். இன்றைக்கு யார் எங்கே போகிறார்கள், எது முடிவாகியிருக்கிறது, எது மாறியிருக்கிறது, எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். முடிவாகாததை, இது இன்னும் முடிவாகவில்லை என்றே சொன்னார். வெளியில் யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்றார். பிறகு கூட்டத்தின் பின்வரிசையைப் பார்த்தார்.

"அமானுல்லா, முன்னால் வாருங்கள். ஊரில் நம்மைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள்? கேட்டதை அப்படியே சொல்லுங்கள். டீக்கடையில் வேண்டாம். இங்கே, என் எதிரில்."

அமானுல்லா முன்னால் வந்து நின்றார். ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமல்லபுரத்தில் மாடி வீடுகளை எல்லாம் இடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. செங்கல் சூளைகளை மூடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. கோதண்டராமனே திருப்போரூரில் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார் என்றுகூட ஒரு பேச்சு. கோதண்டராமன் வாய்விட்டுச் சிரித்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அன்றிலிருந்து தினமும் அந்தக் கூட்டம் நடந்தது. அமானுல்லா சேதி சொல்வது குறையவில்லை. ஆனால் இப்போது அவர் சேதி சேகரிப்பதற்காக ஊர் ஊராகக் காதைத் தீட்டிக்கொண்டு போனார். செயின்மேன்களும் அவரோடு போட்டி போட்டுக்கொண்டு கொண்டுவந்தார்கள். ஒன்பதரை மணிக்கு வர வேண்டியவர்கள் ஒன்பதுக்கே வந்து மரத்தடியில் இடம் பிடித்தார்கள்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும், அந்தத் தாள்களின் பிரதிகளைத் துணியில் ஒட்டிச் சுருட்டிக்கொண்டு, ஒரு லாரியும் ஜீப்புமாக ஆபீஸ் முழுவதும் சதுரங்கப்பட்டினத்துக்குப் புறப்பட்டது. இது ரெபேக்காளின் யோசனை. மண்டபத்தில் நாம் பார்த்த மாதிரி அவர்களும் காலடியில் பார்க்கட்டும் என்றாள். லாரியில் போகிறபோது சினிமாவுக்குப் போகிற மாதிரி ஒரே சிரிப்பும் பாட்டும். சுப்பிரமணி குரல் கட்டிப்போகும் வரை பாடினார். தர்மராஜ் முன்சீட்டில் உட்கார்ந்து, பாடக் கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்.

கோட்டைச் சுவருக்கு முன்னால் மணலில் விரித்தார்கள். கடல்காற்று தூக்கியது. குப்பத்து ஆட்கள் சந்தேகத்தோடு தள்ளித்தான் நின்றார்கள். ஆனால் துணி பறக்கப் போவதைப் பார்த்ததும் நாலு பேர் ஓடிவந்து ஓரங்களில் ஏறி நின்றுகொண்டார்கள். ஏறி நின்றவர்கள் கீழே பார்த்தார்கள். பார்த்தவர்கள் மற்றவர்களைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் திருவிழாக் கூட்டம். பெண்கள் தங்கள் தெருவைத் தேடினார்கள். ஒருத்தி தன் வீட்டின் மேல் காலை வைத்து, "இது நான் குந்திகினு கீற எடம்!" என்று கூவினாள். ஆபீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஏசுபாதம் மட்டும் துணியைப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்தார். சுப்பிரமணியிடம் போய், வலை காயப்போடற மணல் யாருக்கு என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு நகர்ந்தார். டைப்பிஸ்டிடம் அதையே கேட்டார். பிறகு ரெபேக்காளிடம். பிறகு தர்மராஜிடம். கடைசியாகக் கோதண்டராமனிடம் வந்து கேட்டார்.

"அது உங்களுக்குத்தான். யாரும் கட்டக் கூடாது. அரசாங்கம் ஒப்புதல் கொடுத்த பிறகு அது சட்டமாகும். இன்னும் கொடுக்கவில்லை."

ஏசுபாதம் இடுப்பில் கைவைத்து நின்றார். பெரிய மீசை துடித்தது. பிறகு கடல் பக்கம் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். "அஞ்சு பேராண்ட கேட்டேன்! அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்கப்பா! ஒப்புதல் வர்லன்றது மொதக்கொண்டு!"

அதற்குள் நூர்முகமது தன் மகனைப் பிடித்துக்கொண்டார். விறகுத்தொட்டி வழியாகப் புது ரோடு போகுமா என்பது அவருடைய கவலை. "டேய், இந்தாளுங்க பேச்சு வேணாம். நீ சொல்லு. தொட்டி போவுமா, போவாதா?"

கூட்டம் அமானுல்லாவைப் பார்த்தது. அத்தா பார்த்தார். எதிரே, மாமனார் வீட்டுக்கு வந்திருந்த ஷஹர்பானு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அமானுல்லாவின் வாயில் ஒரு பெரிய பதில் தயாராக வந்து நின்றது. போவாது அத்தா, நான் பாத்துக்கறேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் கைதட்டியிருப்பார்கள். அவர் அதை விழுங்கினார்.

"தெரியாது அத்தா. ரோடு இன்னும் முடிவாவல. முடிவானா வந்து சொல்றோம்."

நூர்முகமது மகனை ஏற இறங்கப் பார்த்தார். "இவன் வாயிலருந்து தெரியாதுன்னு வந்துச்சாடா!" என்றார். ஊரே சிரித்தது. ஷஹர்பானு குழந்தை நழுவிவிடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அமானுல்லாவும் காது மடல் வரை சிவந்துபோய், அத்தனை பேருக்கு முன்னால் தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டது போலச் சிரித்தார். அன்று மதியம் குப்பத்தில் ஆபீஸ்காரர்களுக்கு மீன் குழம்புச் சோறு போட்டார்கள். சாப்பிட்டு எழுந்ததும் ஏசுபாதமே நாலு ஆட்களை அனுப்பி, சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்கச் சொன்னார்.

திட்டம் மெட்ராசுக்குப் போனது. திருத்தங்களோடு திரும்பி வந்தது. மறுபடி போனது. சிலது நிறைவேறியது, சிலது நிறைவேறவில்லை. ரோடு விறகுத்தொட்டியின் ஒரு மூலையைத் தின்றது. அதை அமானுல்லாவே போய் அத்தாவிடம் சொன்னார், சொல்லிவிட்டு நாள் முழுக்க அவருடைய வசவைக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார். கோதண்டராமனுக்கு எழுபத்தேழில் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பிவிட்டு வந்த அன்று ஆபீசில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

புது அதிகாரி இளம் வயதுக்காரர். முதல் நாள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கியவர், வாசலில் ஆபீஸ் மொத்தமும் மரத்தடியில் நின்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வெலவெலத்துப் போனார். பின்வாசல் வழியாக மாடிக்கு ஓடி, டெலிபோனை எடுத்துச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார். அமானுல்லா மூச்சிரைக்க மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டினார்.

"சார், போன வெச்சிடுங்கோ சார். ஸ்ட்ரைக்கு இல்ல சார்."

"பின்னே என்ன அது?"

"வேல சார். தெனமும் இப்பிடித்தான் ஆரம்பிப்போம். கீய வாங்கோ சார், உங்களப் பத்திக்கூட ஊர்ல ஒரு பேச்சு கீது. நீங்களே வந்து பதில் சொல்லிடுங்கோ."

"என்னைப் பற்றியா? நான் இப்போதுதானே வந்தேன்!"

"அதான் சார் ஆரம்பிச்சிட்டாங்கோ" என்றார் அமானுல்லா, உற்சாகம் தாங்காமல். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கீழே மரத்தடியில் தர்மராஜின் குரல் எல்லாருடைய குரலையும் மீறிக் கேட்டது. அவர் யாரையோ விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.